மாஸ்டர் சார்ட்டில் நோயாளி தெரியாமல் இருக்க: சர்க்கரை நோய் ஆய்வேட்டுக்குத் தரவைத் தயார்செய்யும் முறை

முதுநிலை மருத்துவ மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் புள்ளியியல் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஒருமுறை ஒரு கல்லூரி நூலகத்தில், சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பு பற்றிய பழைய ஆய்வேடு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கங்களில், ஆளுக்கு ஒரு வரியாக எல்லா நோயாளிகளின் விவரங்களையும் தரும் மாஸ்டர் சார்ட் என்ற அட்டவணையில் பெயர், வயது, ஊர், ஓ.பி. (புறநோயாளி) எண் ஆகியவை வரிசையாக இருந்தன; அவற்றின் வலப்புறத்தில் ஆண்மைக் குறைபாடு ‘உண்டு’, ‘இல்லை’ என்று ஒரு பத்தியும் இருந்தது. அதில் ஒரு பெயரை எனக்குத் தெரியும். எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்தவர் அவர். தன் மனைவியிடம்கூடச் சொல்லத் தயங்கியிருக்கக்கூடிய ஒன்றை ஓர் இளம் மருத்துவரை நம்பிச் சொல்லியிருக்கிறார். அது அச்சாகி, பைண்ட் செய்யப்பட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும் அலமாரியில் இருந்தது.

அன்று அது ஒரு நூலகத்தின் அலமாரி. இன்று ஆய்வேடுகள் இணையத்தில் ஏறுகின்றன; மாஸ்டர் சார்ட்டின் எக்செல் கோப்பு கணினித் துறை நண்பர்களிடம் போகிறது. யாருக்குச் சிறுநீரகம் பழுதாகும், யாருக்கு விழித்திரை கெடும் என்று முன்கூட்டிக் கணிக்கும் நிரல்களை எழுத அவர்களுக்கு மருத்துவமனைத் தரவு தேவைப்படுகிறது, அந்தத் தேவையும் நியாயமானதே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். ஆதரவுடன் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ‘இந்தியாப்’ (INDIAB) என்ற ஆய்வின் 2023ஆம் ஆண்டு முடிவுகள், நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டன. இவ்வளவு பெரிய சுமையைப் புரிந்துகொள்ளத் தரவைப் பகிர்ந்துதான் ஆக வேண்டும். அதைப் பகிரும் முறையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

பெயர்ப் பத்தியை அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்றே பெரும்பாலான மாணவர்கள் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990களில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயரும் முகவரியும் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் பொருத்திப் பார்த்து, மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே அடையாளம் கண்டார். அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரை இந்த மூன்று விவரங்களே தனித்துக் காட்டிவிடக்கூடும் என்று 2000ஆம் ஆண்டில் அவர் கணக்கிட்டார். நம் ஊரில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, பாலினம், வீட்டு எண் எல்லாம் கொண்ட வாக்காளர் பட்டியல் இணையத்திலேயே கிடைக்கிறது. 20 டாலர்கூடச் செலவாகாது.

புரோஃபார்மாவிலேயே தொடங்குங்கள்

தரவைச் சேர்த்து முடித்தபின் அடையாளங்களை நீக்க உட்காருவது இரட்டை வேலை, அதில் தவறும் நிறைய நேரும். நோயாளியின் விவரங்களைக் குறித்துக்கொள்ளும் படிவமான புரோஃபார்மாவைத் தயாரிக்கும் நாளிலேயே அதை இரண்டு தாள்களாகப் பிரித்துவிடுங்கள். முதல் தாளில் பெயர், ஓ.பி. எண், தொலைபேசி எண், அவற்றுக்கு எதிரே நீங்கள் கொடுக்கும் ஆய்வு எண் ஆகியவை மட்டும் இருக்கட்டும். இரண்டாம் தாளில் ஆய்வு எண்ணும் மருத்துவ விவரங்களும் மட்டும் இருக்கட்டும். முதல் தாள்கள் சேர்ந்த பதிவேடு உங்கள் கைடின் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். அது கணினிக்குள் நுழையவே தேவையில்லை. ஆய்வு எண்ணை ஓ.பி. எண்ணின் கடைசி இலக்கங்களிலிருந்தோ பெயரின் முதலெழுத்திலிருந்தோ உருவாக்காதீர்கள். நோயாளிகள் வந்த வரிசையில் 1, 2, 3 என்று கொடுப்பதும் நல்லதல்ல, ஏனெனில் புறநோயாளிப் பதிவேட்டின் வரிசையோடு அதை வைத்துப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். எண்களை முன்கூட்டியே குலுக்கி ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள்.

ஆய்வுக் கேள்விக்குத் தேவைப்படாத எதையும் கேட்காதீர்கள். ஆதார் எண்ணும் 14 இலக்க ஆபா (ABHA) எனும் சுகாதாரக் கணக்கு எண்ணும் சர்க்கரைக் கட்டுப்பாட்டைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் விடை தரப்போவதில்லை. வாங்காமல் விட்ட விவரம் கசிய வழியே இல்லை.

நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிக்கும்போதே, தரவைக் கல்லூரிக்கு வெளியே யாரிடம், எந்த வடிவில் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை எழுதிவிட வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் தகவல் தாளும் ஒப்புதலும் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்கின்றன. நான் பார்த்த தமிழ் ஒப்புதல் படிவங்களில் பல, ஆங்கிலப் படிவத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை. நோயாளியால் அவற்றைப் படிக்கவே முடியாது. இப்படி எழுதினால் போதும்: “உங்கள் பெயர், ஊர், போன் நம்பர் எதுவும் இல்லாமல், உங்கள் சர்க்கரை அளவையும் நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் விவரத்தையும் கம்ப்யூட்டர் ஆய்வாளர்களுக்குக் கொடுப்போம். நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் இங்கே உங்களுக்குக் கிடைக்கும் வைத்தியம் இப்போது போலவே தொடரும்.” இரண்டாவது வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். மாதாமாதம் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவருக்கு அந்த உறுதிதான் முக்கியம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் புள்ளியியலுக்கும் விலக்கு அளிக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அந்த விலக்குக்கு நிபந்தனை இருக்கிறது: குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது, வகுக்கப்பட்ட தரநிலைகளையும் பின்பற்ற வேண்டும்.

தேதி, வயது, ஊர்

சர்க்கரை நோய் பல ஆண்டுகள் தொடரும் நோய் என்பதால், தேதிகளை மொத்தமாக அழித்துவிட்டால் ஆய்வே பயனற்றுப் போகும். இரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால்தான் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுகிறது. ஆகவே இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே எத்தனை நாள் சென்றது என்பது நமக்கு வேண்டும், அது எந்தத் தேதியில் நடந்தது என்பது வேண்டாம். முதல் வருகையை 0ஆம் நாள் என்று வைத்து, மற்ற வருகைகளை 92, 187 என்று நாள் கணக்காக மாற்றுங்கள். நோன்பு, பண்டிகை, பருவ காலம் ஆகியவற்றின் விளைவை ஆராய்பவர்கள் மட்டும் அந்தக் காலப்பகுதியைத் தனிப் பத்தியாக வைத்துக்கொள்ளலாம்.

பிறந்த தேதி வேண்டாம், வயது போதும். அதையும் ஐந்தைந்து ஆண்டுத் தொகுதிகளாக்குவது நல்லது. இங்கே வரிசை முக்கியம். சிறுநீரக வடிதிறனை (eGFR) கணக்கிடும் சூத்திரத்துக்குச் சரியான வயது வேண்டும். அந்த அளவு 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைக் கொடுக்கக் கூடாது என்பதால், அதில் நேரும் பிழை சிகிச்சை பற்றிய முடிவையே புரட்டிப் போட்டுவிடும். எனவே வடிதிறன், உடல் நிறைக் குறியீடு, நோய் தொடங்கிய வயது ஆகியவற்றை முதலில் கணக்கிட்டு எழுதிவிட்டு, அதன் பிறகே வயதைத் தொகுதியாக்குங்கள். 90 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை ‘90+’ என்று ஒரே தொகுதியில் சேர்த்துவிடுங்கள். நோயாளித் தரவைக் காக்கும் அமெரிக்க ஹிப்பா (HIPAA) விதிகள் நீக்கச் சொல்லும் 18 வகை அடையாளங்களில் இந்த உச்ச வயதும் அடங்கும்.

ஊர்ப் பெயருக்குப் பதில் மாவட்டம் போதும். பல ஆய்வுகளுக்கு நகரம், கிராமம் என்ற பிரிவே போதும். அஞ்சல் குறியீடு வேண்டுமென்றால் ஆறு இலக்கங்களில் முதல் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். இது நான் கற்பனையாக அமைத்தது: ‘பெண், 23, டைப் 1, 22 வாரக் கர்ப்பம், தொழில் அங்கன்வாடி உதவியாளர்’, அடுத்த பத்தியில் ஓர் ஊராட்சியின் பெயர். இதில் பெயரில்லை, எண்ணில்லை. ஆனால் அந்த ஊராட்சியில் யாரிடம் காட்டினாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். இதையே ‘பெண், 20–24, டைப் 1, கர்ப்பிணி, இரண்டாம் மும்மாதம், கிராமம்’ என்று மாற்றினால் மருத்துவப் பொருள் குறையவில்லை, ஆளும் மறைந்துவிட்டார். தொழில் நம் கேள்விக்குத் தேவைப்படவில்லை என்பதால் அது போயிற்று.

இதை 300 வரிகளுக்கும் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. எக்செலில் கவுன்டிஃப்ஸ் (COUNTIFS) என்ற வாய்ப்பாட்டைக் கொண்டு, வயதுத் தொகுதி, பாலினம், இருப்பிடம், நோய் வகை ஆகிய நான்கும் ஒன்றாக அமைந்த வரிகள் எத்தனை என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே வரச் செய்யுங்கள். 1 என்று வரும் வரி தனித்து நிற்பவருடையது. ஒவ்வொரு வரியும் குறைந்தது ஐந்து பேர் கொண்ட கூட்டத்தில் இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் அளவு. அதற்குக் குறைந்தால் தொகுதிகளை இன்னும் அகலமாக்குவேன், அப்போதும் முடியாவிட்டால் அந்த வரியைப் பகிரும் கோப்பிலிருந்து எடுத்துவிடுவேன். ஐந்து பேரும் ஒரே பதிலைக் கொண்டிருந்தால் இந்தக் கூட்டமும் காப்பாற்றாது. ‘50–54, ஆண், கிராமம், டைப் 2’ என்ற ஐந்து பேருக்கும் ஆண்மைக் குறைபாடு ‘உண்டு’ என்று இருந்தால், எவருடைய வரி எது என்று தெரியாமலேயே ஐவரின் ரகசியமும் வெளியாகிவிட்டது. மற்றவர் அறியக் கூடாத பத்திகளை இந்தக் கண்ணோட்டத்தில் தனியாகப் பாருங்கள்.

நீக்கிய இடத்தில் ஒருபோதும் 0 போடாதீர்கள். கணினி மாணவர்கள் பயிற்சிக்கு எடுக்கும் பிமா நீரிழிவுத் தரவில் அமெரிக்கப் பழங்குடிப் பெண்கள் 768 பேரின் விவரங்கள் உள்ளன. அவற்றில் 374 வரிகளில் இன்சுலின் அளவு 0 என்றும், 35 வரிகளில் இரத்த அழுத்தம் 0 என்றும் இருக்கிறது. அவை அளக்கப்படாதவை. இரத்த அழுத்தம் 0 என்றால் என்ன பொருள் என்று மருத்துவருக்குத் தெரியும். நிரலுக்கு அதுவும் ஓர் எண்தான். வெற்றிடமாக விட்டுவிட்டு, காரணத்தைத் தனிக் குறிப்பில் எழுதுங்கள்.

கோப்பைக் கைமாற்றும் முன்

தொலைபேசி எண்ணை ‘ஹேஷ்’ செய்து, அதாவது ஒரு சூத்திரத்தால் புரியாத குறியீடாக மாற்றிக் கொடுத்தால் போதும் என்று கணினி நண்பர்கள் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தியக் கைபேசி எண் பத்து இலக்கம், 6 முதல் 9 வரையான இலக்கத்தில் தொடங்குவது. ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்புகளே உண்டு, அத்தனையையும் போட்டுப் பார்ப்பது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையல்ல. 2014இல் நியூயார்க் நகர டாக்சிப் பயணத் தரவு இப்படி மறைத்து வெளியிடப்பட்டபோது, வண்டி எண்கள் எல்லாம் விரைவிலேயே மீட்டெடுக்கப்பட்டன.

விழித்திரைப் படங்களில் கூடுதல் கவனம் வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா போன்றவற்றின் படங்களும் சேர்ந்துதான் 2016இல் வெளியான கூகுள் ஆய்வு, சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கணினியால் கண்டறிய முடியும் என்று காட்டியது. அதனால் படங்களின் மதிப்பு பெரிது. ஆனால் படத்தின் மூலையில் கருவியே நோயாளியின் பெயரைப் பதித்திருக்கும், கோப்பின் பெயரில் ஓ.பி. எண் இருக்கும், மருத்துவப் படங்களுக்கான டைகாம் (DICOM) வடிவமானால் உள்ளே பிறந்த தேதியும் மருத்துவமனையின் பெயரும் இருக்கும். மூன்றையும் நீக்கிய பிறகும், விழித்திரை இரத்தக் குழாய்களின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், ‘சும்மா ஒரு மாதிரிக்கு’ என்று வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

எக்செல் கோப்பில் மறைத்து வைத்த பத்தி அழிந்த பத்தி ஆகாது. பிவட் அட்டவணையும் தன் மூலத் தரவின் நகலை உள்ளே வைத்திருக்கும். எனவே சி.எஸ்.வி. வடிவில் சேமித்து, அதை நோட்பேடில் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை கண்ணால் படியுங்கள். குறிப்புகள் என்ற பத்தியில் ‘வார்டு ஆயாவின் மகன்’ என்று எழுதியிருந்ததை நான் இப்படித்தான் ஒருமுறை கண்டுபிடித்தேன். பெறுபவரிடம் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள்: ஆளைக் கண்டுபிடிக்க முயலக் கூடாது, வேறு யாருக்கும் தரக் கூடாது, பொதுத் தளங்களிலும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிலும் ஏற்றக் கூடாது, வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும்.

மருத்துவக் கல்வி பற்றி ஆய்வு செய்பவர்களுக்கும் இவை பொருந்தும். பயிற்சி மருத்துவர்களுக்கு இன்சுலின் பற்றி எவ்வளவு தெரியும் என்று கூகுள் படிவத்தில் கேட்கும்போது, மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். மதிப்பெண் போடும் ஆசிரியரே ஒப்புதல் வாங்கினால் மாணவரால் மறுக்க முடியாது. வேறு துறையைச் சேர்ந்த ஒருவர் வாங்கட்டும்.

ஆய்வேட்டில் மாஸ்டர் சார்ட் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், பகிர்வதற்காகத் தயாரித்த அதே கோப்பை அச்சிடுங்கள். பெயரின் முதலெழுத்துகளும் ஓ.பி. எண்ணும் அதில் வேண்டாம். அலமாரியில் உள்ள பதிவேட்டை எத்தனை ஆண்டு வைத்திருப்போம் என்று நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கொடுத்தீர்களோ, அந்தக் காலம் முடிந்ததும் கைடின் முன்னிலையில் கிழித்து அழித்து, தேதியிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். இடையில் தவறான கோப்பு வெளியே போய்விட்டது தெரிந்தால், அன்றே கைடிடமும் குழுவிடமும் சொல்லி, பெற்றவரிடம் அதை அழிக்கச் சொல்லி எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே திருத்திய கோப்பை அனுப்புங்கள்.