மெதுவாகக் காற்று இறங்கும் டயர்: ஓட்டையை நாமே கண்டுபிடிப்பது எப்படி

சனிக்கிழமை காற்று அடிக்கிறோம். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் அதே டயர் மறுபடியும் தொய்ந்து நிற்கிறது. பெட்ரோல் நிலையத்தில் காற்று இலவசம்தானே என்று பலர் மாதக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறார்கள். நானும் மூன்று வாரம் அப்படித்தான் ஓட்டினேன். அது தப்பு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஓட ஓட மடங்கி மடங்கிச் சூடேறும். நம் சிங்கப்பூர் வெயிலில், விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்தச் சூட்டில் டயர் வெடித்துவிடலாம். காற்றை நிரப்பிக்கொண்டே இருப்பதைவிட, எங்கே கசிகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து தேடுவது மேல். அரை மணி நேர வேலைதான்.

முதலில் அளவு

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய காற்றழுத்தம் அதில் போட்டிருக்கும். பல சிறிய கார்களுக்கு அது 220 முதல் 240 கிலோபாஸ்கல், அதாவது 32 முதல் 35 பிஎஸ்ஐ. டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் எண் டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிக்காதீர்கள்.

காலையில் வண்டியை எடுக்கும் முன்பே அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் சொந்தமாக ஒரு சின்ன அழுத்தமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டயரையும் அளந்து கைப்பேசியில் குறித்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் மறுபடியும் அளந்து பாருங்கள். நல்ல டயரிலேயே மாதத்துக்கு 1 அல்லது 2 பிஎஸ்ஐ தானாகக் குறையும். ஒரு டயர் மட்டும் ஒரே வாரத்தில் 3, 4 பிஎஸ்ஐ இறங்கியிருந்தால் அதில் கசிவு இருக்கிறது. காரில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். பல வண்டிகளில் காற்று ஏறக்குறைய கால்வாசி இறங்கிய பிறகுதான் அது எரியும்.

அப்புறம் சோப்புத் தண்ணீர்

பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு தேக்கரண்டி, தண்ணீர் அரை லிட்டர். செடிக்குத் தெளிக்கும் புட்டியில் ஊற்றிக் கலக்குங்கள். டயரில் முழு அளவு காற்று இருக்கட்டும். காற்று குறைவாக இருந்தால் குமிழி சரியாக வராது. கைப்பிரேக்கைப் போட்டு எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

வால்விலிருந்து தொடங்குங்கள். மூடியைக் கழற்றி வாய் நிறையத் தெளித்துவிட்டு ஒரு நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். என் வண்டியில் கடுகு அளவில் ஒரு குமிழி எழுந்தது. மெல்லப் பெருத்து மிளகு அளவு ஆனதும் உடைந்தது. உடனே அடுத்தது கிளம்பியது. ஒரு பட்டறையில் டயரையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். கடைசியில் கோளாறு வால்வுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஊசியில்தான்.

அந்த ஊசிக்குப் பெயர் வால்வு கோர். அதைத் திருக வால்வு கோர் சாவி விற்கிறது, சில வெள்ளிதான். வலப்பக்கமாக லேசாகத் திருகுங்கள். அழுத்தித் திருகினால் ரப்பர் நசுங்கிவிடும். அப்படியும் குமிழி வந்தால் கோரை மாற்ற வேண்டும். கழற்றியதும் மொத்தக் காற்றும் சீறிக்கொண்டு வெளியேறும் என்பதால், பக்கத்தில் பம்ப் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். குமிழி வால்வின் அடிப்பகுதியில், ரிம்மை ஒட்டி வந்தால் தண்டு ரப்பர் வெடித்திருக்கிறது என்று அர்த்தம். டயரைக் கழற்றித்தான் மாற்ற முடியும், பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

வால்வு சரியாக இருந்தால் அடுத்தது தரையில் படும் பகுதி. முன் டயர் என்றால் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பினால் நன்றாகத் தெரியும். கீழே தரையோடு ஒட்டியிருக்கும் பகுதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பார்த்த இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, வண்டியை அரைச் சுற்று நகர்த்தி மிச்சத்தையும் பாருங்கள். புதுப்பிப்பு வேலை நடக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளைச் சுற்றி நிறுத்தும் வண்டிகளில் பெரும்பாலும் திருகாணிதான் மாட்டும். தேய்ந்த தலை மட்டும் சின்னக் கல் போலப் பள்ளத்தில் மினுங்கும், சுற்றிலும் நுரை பொங்கும். உடனே பிடுங்கிவிடாதீர்கள்! பிடுங்கினால் மெதுவாக இறங்கும் காற்று ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

ஒட்டலாமா, கூடாதா

ஓட்டை தரையில் படும் பகுதியின் நடுவில் இருந்து, 6 மில்லிமீட்டருக்கு உட்பட்டதாக இருந்தால் ஒட்டலாம். தோள்பட்டையிலோ (தரையில் படும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் ஓரம்) பக்கச்சுவரிலோ இருந்தால் டயரை மாற்றியே ஆக வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

டியூப்லெஸ் பஞ்சர் பெட்டியில் அரம் போன்ற முறுக்குக் கம்பி, காது உள்ள ஊசி, பிசினேறிய பட்டைக் கயிறு, பசை எல்லாம் இருக்கும். ஆணி எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பிடுங்குங்கள். முறுக்குக் கம்பியை அதே சாய்வில் விட்டு மேலும் கீழும் தேய்த்து ஓட்டையைச் சொரசொரப்பாக்குங்கள். கயிற்றை ஊசிக் காதில் பாதியளவு கோத்து, பசை தடவி, இரு முனையும் வெளியே ஒன்றரை சென்டிமீட்டர் நிற்கும்வரை அழுத்துங்கள். நல்ல பலம் வேண்டும், உடல் எடையைக் கொடுத்து அமுக்க வேண்டியிருக்கும். ஊசியைச் சுழற்றாமல் வெடுக்கென்று இழுத்தால் கயிறு உள்ளேயே நின்றுவிடும். வெளியே நீட்டியிருப்பதை நறுக்கிவிட்டு, காற்று அடித்து, சோப்புத் தண்ணீரை மறுபடியும் தெளியுங்கள்.

இது தற்காலிக ஒட்டுதான். நிதானமாக ஓட்டிப் பட்டறைக்குப் போய், டயரைக் கழற்றி உள்பக்கமாகக் காளான் ஒட்டு (தண்டு ஓட்டையை அடைக்க, தலை உள்ளே ஒட்டிக்கொள்ளும் காளான் வடிவ ரப்பர்) போடச் சொல்லுங்கள். உள்சுவர் மடங்கிச் சிதைந்திருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

எங்கும் குமிழி வரவில்லையா? டயரும் ரிம்மும் சேரும் விளிம்பைச் சுற்றித் தெளியுங்கள், உள்பக்கமும் சேர்த்து. பழைய அலாய் ரிம்மில் அரிப்பு ஏறி அந்த இடுக்கில் கசியும். ஊசிமுனை நுரை கோடு போல நீளும். டயரை இறக்கி ரிம்மைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும், அது பட்டறை வேலை. ஸ்போக் சக்கர மோட்டார்சைக்கிளில் பெரும்பாலும் டியூப் இருப்பதால் இந்தத் தெளிப்பு பெரிதாக உதவாது. டியூபை வெளியே எடுத்து வாளித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள்.

விரைவுச்சாலையில் போகும்போதே டயர் இறங்கிவிட்டால் ஓரத்தில் உட்கார்ந்து சக்கரம் மாற்ற வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி பக்கத்தில் உள்ள கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். தடுப்புக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பாக நின்று காத்திருங்கள்.

எந்த வழியில் சரிசெய்தாலும் ஒரு வாரம் கழித்து, காலையில், வண்டியை எடுக்கும் முன் அதே டயரை அளந்து, முன்பு குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.