கிலுகிலுப்பைச் செடியை அடையாளம் காண்பது எப்படி?

மழைக்காலம் முடிந்ததும் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் நிமிர்ந்த மஞ்சள் பூங்கொத்துகளோடு சில செடிகள் நிற்கும். அவற்றில் கிலுகிலுப்பையும் இருக்கும். இந்தப் பேரினத்தில் உலகெங்கும் சுமார் 700 இனங்கள், பெரும்பகுதி ஆப்பிரிக்காவில். ஒன்றை நன்றாகப் பார்த்துப் பழகினால் போதும், மற்றவையும் பிடிபட்டுவிடும்.

1. பூவைப் பாருங்கள். ஆவாரம்பூவில் இதழ்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி விரிந்திருக்கும். கிலுகிலுப்பைப் பூ அவரைப் பூவின் அமைப்பு: பின்னால் நிமிர்ந்த இதழ் கொடியல்லி, இரு பக்க இதழ்கள் சிறகல்லிகள், நடுவே படகு போல இருப்பது படகல்லி. படகல்லியின் நுனி கிளிமூக்கு போல வளைந்து கூராக நீண்டிருந்தால் சரியான திசையில் போகிறீர்கள்.

2. ஒரு பூவை மட்டும் பறித்துப் படகல்லியை நகத்தால் பிரியுங்கள். உள்ளே 10 மகரந்தத்தாள்கள் அடியில் ஒன்றாக இணைந்திருக்கும். ஐந்தின் மகரந்தப்பை நீளம், ஐந்தின் பை சிறியது. கைலென்ஸ் இருந்தால் தெளிவாகத் தெரியும்.

3. காயை ஆட்டுங்கள். உப்பிய காய் முற்றிக் காய்ந்ததும் விதைகள் உள்ளே கழன்றுவிடும். ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம் கேட்கும். தமிழ்ப் பெயர் அந்தச் சத்தத்திலிருந்தே வந்தது. லின்னேயஸ் 1753இல் பதிவு செய்த குரோட்டலேரியா என்ற பெயரும் அப்படித்தான், தாளக்கட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து. வாலை ஆட்டி ஒலியெழுப்பும் அமெரிக்கப் பாம்புப் பேரினமான குரோட்டலஸுக்கும் அதே வேர்தான்.

4. அப்புறம் இனம். இலை நுனி லேசாகக் குழிந்து, மஞ்சள் கொடியல்லியில் செந்நிறக் கோடுகள் ஓடினால் குரோட்டலேரியா ரெட்டுசா. பூ நீலமோ ஊதாவோ ஆக இருந்து, தண்டு கோணலாக வளர்ந்தால் குரோட்டலேரியா வெர்ருகோசா. மூன்று சிற்றிலை கொண்ட இனங்களும் உண்டு. இலை நீண்டு குறுகியிருந்தால் சணப்பாக இருக்கலாம். அதை நீங்கள் வயலிலேயே பார்த்திருப்பீர்கள்: வேர் முடிச்சுகள் நைட்ரஜனைச் சேர்த்து வைப்பதால், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுது பசுந்தாள் உரமாக்குவார்கள்.

எதையும் வாயில் வைக்காதீர்கள். பல இனங்களில் ஈரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப் பொருள்கள் உள்ளன. மேய்ந்த கால்நடைகள் இறந்ததும் உண்டு. தொட்ட பின் கை கழுவுங்கள்.

பூவும் காயும் இல்லாத நாளில் வரியன் பட்டாம்பூச்சிகளைக் கவனியுங்கள். ஆண்கள் இணையை ஈர்க்கும் வாசனைக்காக இந்த ஆல்கலாய்டுகளைத் தேடி வாடிய தண்டுகளில் மொய்க்கும். தேள்கொடுக்குச் செடியும் அவற்றை இப்படி இழுக்கும் என்பதால், கடைசி முடிவைக் காய் வந்த பிறகு அதை ஆட்டிப் பார்த்தே எடுங்கள்.