'வரலாற்றில் இன்று' தொகுப்பது எப்படி? ஓகஸ்ட் 6ஐ வைத்து ஒரு செய்முறை

பாடசாலை அறிவித்தல் பலகைக்கு 'வரலாற்றில் இன்று' எழுத முதன்முறையாக முன்வருபவர்களுக்காக, ஓகஸ்ட் 6ஐ எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறேன்.

முதலில் ஒரு தாளில் நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள் என மூன்று தலைப்புகளை இட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஆண்டு ஏறுவரிசையில் எழுத இடம் விடுங்கள்.

அடுத்து, நம் ஊரிலிருந்து தொடங்குங்கள். உலகப் பட்டியல்களை முதலில் பார்ப்பவர்கள் கொழும்பை மறந்துவிடுகிறார்கள் என்பதாலேயே இதை வலியுறுத்துகிறேன். 1930 ஓகஸ்ட் 6 அன்று சுப்பிரமணியம் செட்டியார் கொழும்பில் 'வீரகேசரி' நாளிதழைத் தொடங்கினார். தமிழ் வாசகருக்கு அந்த நாளில் இதைவிட நெருக்கமான செய்தி எது?

பின்னர் உலகைச் சேருங்கள். 1825இல் பொலிவியாவும் 1962இல் ஜமெய்க்காவும் சுதந்திரம் பெற்றன; 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசப்பட்டது. பிறப்பில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் (1881), இறப்பில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்குவெஸ் (1660), இந்திய வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜ் (2019) ஆகியோர் இடம்பெறுவர்.

இனி வருவதே உண்மையான உழைப்பு: திகதியைச் சரிபார்த்தல். பழைய பத்திரிகைக் கட்டைப் புரட்டும்போது, தாளின் தலைப்பிலுள்ள திகதியை அப்படியே எடுத்துவிடாதீர்கள். செய்திக்குள் 'நேற்று மாலை' என்றிருந்தால் நிகழ்வு முதல்நாளுக்கு உரியது. ஹிரோஷிமாவில் குண்டு வெடித்தது காலை 8.15 மணிக்கு, அவ்வேளை வொஷிங்டனில் ஓகஸ்ட் 5 மாலை என்பதால், நிகழ்வு நடந்த இடத்தின் திகதியையே எப்போதும் கொள்ள வேண்டும். ரஷ்யாவின் 1917 புரட்சி பழைய நாட்காட்டியில் ஒக்டோபர் 25, புதியதில் நவம்பர் 7. இத்தகைய இடங்களில் எந்த நாட்காட்டி என்பதைக் குறிப்பிடுங்கள்.

தாக்குதலையும் மரணத்தையும் ஒரே நாளாக்குவது நான் அடிக்கடி காணும் பிழை. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க கொழும்பு ரொஸ்மீட் பிளேசில் தமது இல்லத்தில் சுடப்பட்டது 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி. அவர் உயிர் நீத்தது மறுநாள். முந்தியது நிகழ்வுகளின் கீழும், பிந்தியது மறுநாளுக்குரிய தாளில் இறப்புகளின் கீழும் வர வேண்டும். இரண்டு தனித்தனி மூலங்கள் ஒத்துப்போகாத எந்தத் திகதியையும் சேர்க்காமல் விடுவதே வாசகருக்குச் செய்யும் மரியாதை.

கடைசியாக, ஒவ்வொரு பதிவையும் ஒரே வாக்கியத்தில், யார், எங்கே, என்ன என்பது விளங்க எழுதுங்கள்:

1930 – கொழும்பில் 'வீரகேசரி' தமிழ் நாளிதழ் தொடங்கப்பட்டது.