பழைய சிஆர்-விக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்: கடையில் கிடைக்காததை அளவெடுத்துப் பொருத்துவது எப்படி?

"ஹோண்டா சிஆர்-வி, 2004 மாடல், 2.0 லிட்டர் பெட்ரோல். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கா?"

இந்தக் கேள்வியோடு மூன்று மாதம் சென்னையைச் சுற்றினேன். சில கடைகளில் "இந்த வண்டிக்கா?" என்று சிரித்தார்கள். ஒரு இடத்தில் சொன்ன விலைக்கு இன்னொரு பழைய கார் வாங்கிவிடலாம். கடைசியில் ஒரு சைலன்சர் பட்டறைப் பெரியவர்தான் வழி சொன்னார். "வண்டி பேரை விடுங்க தம்பி. பைப் என்ன சைஸ், டப்பா எவ்வளவு நீளம், அதைச் சொல்லுங்க."

அதுதான் விஷயம். இந்த சிஆர்-வி இங்கே முழு வண்டியாகவே இறக்குமதியாகி விற்றது. ஓடுவது கொஞ்சம், பாகம் வைத்திருப்பவர்கள் அதைவிடக் கொஞ்சம். ஆனால் எக்ஸாஸ்ட் பைப்புக்குக் கார் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்தது விட்டமும் நீளமும்தான். பழைய பஜேரோ, கிராண்ட் விட்டாரா எக்ஸ்எல்-7 வைத்திருப்பவர்களுக்கும் இதே வழி உதவும். அந்த எக்ஸ்எல்-7 மாதிரி வி6 என்ஜின் என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட கன்வெர்ட்டர் இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதலில் கன்வெர்ட்டர் என்ற அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். தேன்கூடு மாதிரி துளைகள் கொண்ட பீங்கான் கட்டி ஒன்று. சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 துளை. அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிய பூச்சாக இருக்கும். புகை அதன் வழியே போகும்போது கார்பன் மோனாக்சைடும், எரியாத பெட்ரோலும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் கெடுதல் குறைந்த வாயுக்களாக மாறுகின்றன. சுமார் 250 முதல் 300 டிகிரி சூடேறினால்தான் வேலை ஆரம்பிக்கும். ஈயம் பட்டால் பூச்சு செத்துவிடும். அதனால்தான் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டரைக் கட்டாயமாக்கியபோது ஈயமில்லாத பெட்ரோலையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

படி 1: செத்தது கன்வெர்ட்டர்தானா?

என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0420 என்று வந்தால் எல்லாரும் உடனே கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்வார்கள். பொறுங்கள். அந்த எண்ணுக்கு "கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யாத மாதிரித் தெரிகிறது" என்பதுதான் பொருள். பைப்பில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும், கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கெட்டிருந்தாலும் இதே எண் வரும். இந்தியாவில் ஓபிடி (வண்டி தன் கோளாறைத் தானே எண்ணாகச் சொல்லும் வசதி) கட்டாயமானது 2010இல்தான் என்பதால் எல்லாப் பழைய வண்டியிலும் ஸ்கேனர் மாட்டும் 16 முள் சாக்கெட் இருக்காது. என் வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்தது.

வண்டியை நன்றாகச் சூடேற்றி, 2500 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்துக்கொண்டு, பின் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜைப் பாருங்கள். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் அது 0.6, 0.7 வோல்ட் பக்கம் சோம்பேறியாக உட்கார்ந்திருக்கும். 0.1க்கும் 0.9க்கும் இடையே ஓயாமல் குதித்தால் கன்வெர்ட்டர் கதை முடிந்தது.

ஸ்கேனர் இல்லையா? வண்டி ஆறியபின் ரப்பர் சுத்தியலால் டப்பாவை லேசாகத் தட்டுங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே கட்டி உடைந்துவிட்டது. பிக்கப் இல்லாமல் வண்டி இழுத்துப்பிடித்தால் அடைப்பாக இருக்கலாம். முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அடைப்புதான்.

படி 2: கொன்றது யார்?

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கன்வெர்ட்டர் தானாகச் சாவது அபூர்வம். என் வண்டியில் மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில் பலவீனமாகி, மாதக்கணக்கில் விட்டுவிட்டு மிஸ் ஆகிக்கொண்டிருந்தது. என்ஜின் விளக்கு அவ்வப்போது மின்னும், நான் கண்டுகொள்ளவில்லை. நிலையாக எரியும் விளக்கு வேறு, மின்னும் விளக்கு வேறு. மின்னினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று பொருள். அந்தச் சூட்டில் பீங்கானே உருகும். நான் அறுத்துப் பார்த்தபோது தேன்கூட்டின் நடுவில் வெல்லப்பாகு ஊற்றி உறைந்த மாதிரி இருந்தது.

ஸ்பார்க் பிளக், காயில், என்ஜின் ஆயில் குறைகிறதா, கூலன்ட் குறைகிறதா என்று நான்கையும் பாருங்கள். ஆயில் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் பூச்சின்மேல் படிந்துவிடும். நோயைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் போகும்.

படி 3: எங்கே தேடுவது, எதை வாங்குவது

ஒரிஜினல் பாகத்தை முதலில் ஷோரூமில் கேளுங்கள். இல்லை என்பார்கள், ஆனாலும் கேளுங்கள். பழைய கன்வெர்ட்டரின் உலோக உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

வெளிநாட்டிலிருந்து அப்படியே பொருந்துகிற மாதிரி வரவழைக்கலாம். இதில் ஒரு பொறி உண்டு. அமெரிக்காவில் விற்ற அதே தலைமுறை சிஆர்-வி எல்லாமே 2.4 லிட்டர், இடது கை ஸ்டீயரிங். படத்தில் நம்முடையது மாதிரியே இருக்கும். என்ஜினும் வலது கை ஸ்டீயரிங்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது செகண்ட் ஹேண்ட். புதுப்பேட்டை மாதிரி பழைய பாகச் சந்தைகளில் அலைந்தால் அதிர்ஷ்டம் இருக்கலாம். எனக்கு இல்லை. வேறொரு ஊரில் ஒருவரிடம் "சூப்பர் கண்டிஷன் சார்" என்று ஒன்றை வாங்கி, வீட்டுக்கு வந்து தூக்கிப் பார்த்தால் பழையதைவிட லேசாக இருந்தது. வீட்டம்மாவின் காய்கறித் தராசில் இரண்டையும் வைத்தேன். வாங்கியது பாதி எடைகூட இல்லை. ஒரு முனையில் டார்ச் அடித்தால் உள்ளே வெறும் தகரச் சுவர். கட்டியை உடைத்து எடுத்து உலோகத்துக்காக விற்றுவிட்டு, வெறும் டப்பாவை என் தலையில் கட்டியிருந்தார்கள். பழையது வாங்கினால் டார்ச் கையில் இருக்கட்டும். தேன்கூடு முழுதாக, கருமையில்லாமல், உடையாமல் தெரிய வேண்டும். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது.

கடைசி வழி, என் கணக்கில் நல்ல வழியும் அதுதான்: எந்த வண்டிக்கும் அளவு பார்த்துப் பொருத்துகிற யுனிவர்சல் கன்வெர்ட்டர் வாங்கி, பழையதன் ஃபிளாஞ்சுகளோடு (இரு முனையிலும் போல்ட் போடும் தகடுகள்) வெல்டு பண்ணுவது. இதற்கு எடுக்க வேண்டிய அளவுகள்:

- பைப்பின் வெளி விட்டம். வெர்னியர் இல்லையென்றால் நூலைச் சுற்றி அளந்து 3.14ஆல் வகுங்கள். எனக்கு நூல் 18 செ.மீ. வந்தது, அதாவது 57 மி.மீ., கடைக்காரர் மொழியில் "ரெண்டே கால் இஞ்ச்".
- டப்பாவின் நீளம், அகலம், உயரம். உருண்டையா, முட்டை வடிவமா?
- இரண்டு ஃபிளாஞ்சுக்கும் இடையே மொத்த நீளம்.
- சென்சார் துளை எங்கே இருக்கிறது.

இவற்றோடு என்ஜின் கொள்ளளவையும் சொல்லி, அந்த அளவு என்ஜினுக்கு ஏற்றதாகக் கேளுங்கள். யூரோ 3, யூரோ 4 என்று புகை விதிக்கேற்ப இரண்டு ரகம் இருந்தால் யூரோ 4 எடுங்கள். பூச்சில் கஞ்சத்தனம் குறைவாக இருக்கும். 200 துளை "ஸ்போர்ட்ஸ்" ரகம் வேண்டாம். சத்தம் நன்றாக வரும், பி0420 திரும்பவும் வரும். "கன்வெர்ட்டரே எதுக்கு, நேர் பைப் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். புகை விதியை மீறினால் 2019 திருத்தச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பின்னால் பைக்கில் வருபவரின் மூச்சு தனி.

படி 4: கழற்றுவது

வண்டி இரவு முழுக்க ஆறட்டும். முந்தின நாளே நட்டு, போல்ட், சென்சார் எல்லாவற்றிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து, படுக்கப்போகும் முன் இன்னொரு தடவை அடியுங்கள். காலையில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். பின் சக்கரங்களுக்கு மரக்கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டாதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட. ஸ்டாண்டில் வைத்தபின் வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

இந்த என்ஜினில் எக்ஸாஸ்ட் பின்பக்கம், கேபின் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. மேலிருந்து கை போகாது, கீழிருந்துதான் வேலை. முதலில் சென்சார். 22 மி.மீ. அளவில், ஒயர் போகப் பக்கவாட்டில் வெட்டுள்ள சாக்கெட் கிடைக்கும். வாங்கிவிடுங்கள், சாதா ஸ்பேனர் முனையை மழுக்கிவிடும். வரவில்லையென்றால் அடியிலிருந்து வெளியே வந்து, பேட்டரியை மாட்டி, என்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு, லேசான சூட்டில் முயலுங்கள். கையுறை முக்கியம்.

ஃபிளாஞ்ச் நட்டுகள் பெரும்பாலும் 14 ஸ்பேனர். இறுகியிருந்தால் முதலில் ஒரு நூலளவு முறுக்கும் பக்கம் திருப்பி, அப்புறம் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். எனக்கு ஒரு ஸ்டட் "டிக்" என்று உடைந்தது. மீதி வேலை பட்டறையில்தான் முடிந்தது. உடைந்தால் மனம் உடைய வேண்டாம், இருபது வருடத் துருவுக்கு அது சகஜம்.

படி 5: அறுப்பதற்கு முன் ஜிக்

புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பழையதை நேராக கிரைண்டரில் அறுத்துவிட்டால், இரண்டு ஃபிளாஞ்சும் எந்தக் கோணத்தில் நின்றன என்பது யாருக்கும் தெரியாது. ஐந்து டிகிரி பிசகினாலும் வண்டியில் போல்ட் துளை சேராது, சேர்ந்தாலும் பைப் அடித்தட்டில் முட்டிக் கடகடக்கும்.

அதனால் பெரியவர் செய்ததைச் சொல்கிறேன். ஒரு இரும்பு ஆங்கிள் துண்டின் இரு முனையிலும் சின்னத் தகடுகளை வெல்டு வைத்து, பழைய கன்வெர்ட்டரின் இரண்டு ஃபிளாஞ்சையும் அவற்றில் போல்ட் போட்டு இறுக்கினார். அவ்வளவுதான் ஜிக். அதன்பிறகு நடுவில் எதை வெட்டினாலும் ஃபிளாஞ்ச் அசையாது. சாக்பீஸால் நீளவாட்டில் ஒரு கோடும் போட்டுக்கொண்டார்.

அறுக்கும்போது என்95 மாஸ்க் போடுங்கள், போடச் சொல்லுங்கள். பீங்கானைச் சுற்றியிருக்கும் நார்ப் பாய் தூளாகி நுரையீரலுக்குப் போனால் நல்லதல்ல.

படி 6: வெல்டிங்

புதுக் கன்வெர்ட்டரின் உடம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பழையது எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் வையுங்கள். என்ஜினைவிட்டு இன்னும் பின்னே தள்ளினால் சூடேற நேரமாகும்.

முதலில் மூன்று நான்கு புள்ளி வெல்டு மட்டும். அப்படியே வண்டியில் மாட்டிப் பாருங்கள். எங்கும் முட்டவில்லை என்று உறுதியானதும் கழற்றி, வெளியே வைத்து முழுதும் சுற்றி வெல்டு. வண்டியில் வைத்தபடியே வெல்டு வைக்க நேர்ந்தால் பேட்டரி கழன்றிருக்க வேண்டும், சென்சாரும் மாட்டியிருக்கக் கூடாது. சாதா இரும்பையும் ஸ்டெயின்லெஸையும் இணைக்க 309 ரகக் கம்பி கேளுங்கள்.

பின் சென்சாரை மாட்டப் பைப்பில் வெல்டு வைக்கும் வளையம் (பாஸ்) எம்18×1.5 மரை. கன்வெர்ட்டருக்குப் பிறகு, பைப்பின் மேல்பாதியில், கிடைமட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே வரும்படி வையுங்கள். கீழே வைத்தால் காலை நேரத்தில் பைப்பில் தேங்கும் நீர் சென்சாரை உடைத்துவிடும்.

படி 7: மாட்டி, ஓட்டி, பார்ப்பது

புது கேஸ்கெட், புது நட்டு. பழையதை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. எல்லாவற்றையும் கையால் மாட்டி, பைப்பை நேராக்கி, அப்புறம் மாற்றி மாற்றி இறுக்குங்கள். சென்சார் மரையில், அது இறுகிப் பிடித்துக்கொள்ளாமலிருக்க, ஆன்ட்டி சீஸ் பசை துளி, முனையில் படவே கூடாது. சென்சாருக்கு 44 நியூட்டன் மீட்டர் போதும்.

ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டாம். புது நார்ப் பாய் சூட்டில் உப்பித்தான் கட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதுவரை கொஞ்சம் புகையும் கருகிய வாடையும் வரும், பயப்படாதீர்கள். ஒரு தடிமனான துணியால் சைலன்சர் முனையை இரண்டு வினாடி மூடினால், மூட்டில் ஓட்டை இருந்தால் "புஸ்ஸ்" என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்கேனரில் பழைய பி0420 எண்ணை அழித்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாக ஓட்டுங்கள். அப்புறம் புகைச் சோதனைக்குப் போகலாம், வண்டி சூடாக இருக்கும்போது. பாரத் ஸ்டேஜ் 2, 3 பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் வரை அனுமதி. போன தடவை என்னைத் திருப்பி அனுப்பிய அதே மையத்தில் கார்பன் மோனாக்சைடு 0.1க்குக் கொஞ்சம் மேலே காட்டியது. கம்ப்யூட்டர் முன் இருந்த பையன் மறுபடி ஒருமுறை குழாயை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் சீட்டு அச்சடித்தான்.

அறுத்தெடுத்த பழைய கட்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். உருகியிருந்தாலும் அதிலுள்ள உலோகத்துக்கு விலை உண்டு. இரண்டு பேரிடம் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள். அப்புறம் ஒரு தாளில் பைப் அளவு, டப்பா அளவு, வாங்கிய கன்வெர்ட்டரின் எண் மூன்றையும் எழுதி டாஷ்போர்டில் போட்டு வையுங்கள். என்னுடையதில் பெரியவர் தன் கையாலேயே "ரெண்டே கால்" என்று எழுதி, பட்டறை போன் நம்பரையும் அடியில் கிறுக்கியிருக்கிறார்.