பூஞ்சை இல்லை, பருப்பு!

வேலூரில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு ஒரு கீழ்த்தாடைத் திசு வந்தது. கடைவாய்ப்பல் பிடுங்கிய குழி ஆறவே இல்லையாம். ஸ்லைடில் இளஞ்சிவப்பு வளையங்கள், ஒட்டினாற்போல் ராட்சத செல்கள் (அந்நியப் பொருளை விழுங்க ஒன்றுசேர்ந்த பெரிய செல்கள்). பூஞ்சை என்று நினைத்து, பூஞ்சையின் சுவரில் ஏறும் பி.ஏ.எஸ். சாயம் போட்டேன், பளிச்சென்று ஏறியது. மூன்று நாள் வீண். தாவரச் செல்சுவரும் அந்தச் சாயத்தைப் பிடிக்கும் என்பது மறந்தே போச்சு.

அப்புறம் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தகடு இரண்டைக் குறுக்காக வைத்துப் பார்த்தேன். தாவரச் செல்லுக்குள் இருக்கும் மாவுமணியில் தெரியும் சிலுவை வடிவ ஒளி இல்லை. அது பச்சை மாவில்தான் வரும், வெந்தால் போய்விடும். சிலுவை இல்லையென்றால் தாவரமே இல்லை என்று பலரும் ஏமாறுவது இதில்தான். ஆனால் தேன்கூடு போல் செல்சுவர் மட்டும் இருட்டில் வெள்ளையாக மின்னியது. அப்பாடா! குழியில் சிக்கிய சாம்பார்ப் பருப்பு.