மாவில் இலைவழி உரம்: எந்தப் பருவத்தில் எதைத் தெளிப்பது?

மாந்தோப்பில் இலைவழி உரத்துக்குப் போடும் பணம் பெரும்பாலும் நாள் தவறுவதால்தான் வீணாகிறது. கால்சியம் காய்க்குள் போவதற்கு ஒரு பருவம் இருக்கிறது, சாம்பல் சத்துக்கு (பொட்டாசியம்) இன்னொரு பருவம். நாட்காட்டியைப் பார்க்காமல் காயின் அளவைப் பார்த்துத் தெளிக்க வேண்டும். கீழே சொல்வது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூத்து, ஏப்ரலிலிருந்து ஜூலை வரை அறுவடைக்கு வரும் கிருஷ்ணகிரி, தருமபுரி, திண்டுக்கல், தேனி தோப்புகளுக்குப் பொருந்தும்.

முதலில் ஒன்று. இலைவழி உரம் மண்ணில் இடும் அடியுரத்துக்கு மாற்று ஆகாது. ஆறு வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், தலா 1 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), 1.5 கிலோ சாம்பல் சத்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இவ்வளவு சத்தை இலை வழியாக ஏற்ற முடியாது. தெளிப்பு நன்றாக வேலை செய்வது துத்தநாகம், போரான் போன்ற நுண்ணூட்டங்களிலும், காய்க்கு நேராகப் போக வேண்டிய கால்சியத்திலும், காய் வேகமாகப் பருக்கும்போது கொடுக்கும் சாம்பல் சத்திலும்தான்.

அறுவடை முடிந்ததும் துளிருக்கு

கவாத்து முடிந்து புதுத் துளிர் விரியும்போது துத்தநாகம் கொடுக்க வேண்டும். இலை சிறுத்து, நரம்பு இடைவெளி வெளுத்து, கணு நெருங்கி நின்றால் இது கட்டாயம். லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், அதோடு 2.5 கிராம் நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டிய தெளிவு. சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் இளந்துளிர் கருகும். முற்றிய இலையின் மெழுகுப் படலம் தடித்திருப்பதால் துளிரில் தெளிப்பதே பலன் தரும். இந்தத் துளிர்தான் அடுத்த பருவத்தில் பூவெடுக்கும் கிளை.

அக்டோபர் கடைசிக்குப் பிறகு யூரியா தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் தழைச்சத்து கொடுத்தால் பூ வர வேண்டிய மொட்டு துளிராகப் போய்விடும்.

ஜிங்க், போரான், இரும்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போட முடியாதவர்களுக்கு, பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'மேங்கோ ஸ்பெஷல்' கலவை வசதியானது. 15 லிட்டர் டேங்குக்கு 75 கிராம், இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு ஷாம்பு பாக்கெட். கிணற்று நீரின் காரத்தன்மையைக் குறைக்கத்தான் எலுமிச்சை. ஷாம்பு ஒட்டுதிரவமாக வேலை செய்கிறது.

பூவும் பிஞ்சும்

பூங்கொத்து வெளியே வந்து, பூ விரியும் முன் போரான் ஒரு முறை. சோலுபார் என்ற போரான் உரம் என்றால் லிட்டருக்கு 1 கிராம், போராக்ஸ் என்றால் 2 கிராம். போராக்ஸ் குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது. வெந்நீரில் கரைத்துப் பிறகு டிரம்மில் ஊற்றவும். மகரந்தம் முளைத்துச் சூலகம் வரை போக போரான் வேண்டும். குறைந்தால் பிஞ்சு பிடிக்காது. பிடித்த காயும் வெடிக்கும், சதையில் பழுப்புத் திட்டு விழும். ஆனால் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அளவைக் கூட்டினால் இலை நுனியும் ஓரமும் கருகும். கண்ணளவில் அள்ளிப் போடக் கூடாத உரம் இது.

பூ முழுதாக விரிந்திருக்கும் நாட்களில் எதையும் தெளிக்க வேண்டாம். மாவுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வதில் ஈக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவை வந்து போகும் நேரத்தில் பூவை நனைத்தால் மகரந்தமும் கழுவப்படும்.

பிஞ்சு கடுகு அளவில் இருக்கும்போது பொட்டாசியம் நைட்ரேட் (13:0:45) லிட்டருக்கு 20 கிராம். 200 லிட்டர் டிரம்முக்கு 4 கிலோ. பிஞ்சு உதிர்வு குறையும். இந்த உப்பு கரையும்போது நீர் சில்லென்று ஆகிவிடும், அதனால் கரைவது மெதுவாகும். தனி வாளியில் நன்றாகக் கலக்கிவிட்டு ஊற்றினால் அடியில் படியாது. உதிர்வைத் தடுக்க என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியை 20 பி.பி.எம். (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) அளவில் கொடுப்பவர்கள் 4.5 சதவீதக் கரைசலில் 10 லிட்டருக்கு 4.5 மில்லி மட்டும் எடுக்க வேண்டும். கூட்டினால் இதே மருந்து பிஞ்சை உதிர்க்கும்.

கால்சியம்: தவறவிடக் கூடாத நாட்கள்

பழத்தின் தரத்தில் மிகப்பெரிய வேறுபாட்டைத் தருவது இந்தச் சுற்றுதான். தோப்புகளில் அதிகம் விட்டுப்போவதும் இதுவே. கொட்டையை ஒட்டிய சதை கூழாகிப் போவது, நுனி முன்கூட்டியே மெலிந்து அழுகுவது, சீக்கிரம் தளர்ந்துவிடுவது ஆகியவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் கால்சியம் குறைவு இருக்கும். அல்போன்சா இரகத்தில் சதை உள்ளே பஞ்சுபோல் ஆகிவிடும் குறைக்குக் கால்சியம் ஓரளவே உதவும். அதற்கு மர அடியில் மூடாக்குப் போட்டு நிலச்சூட்டைக் குறைப்பதும், காயை மரத்திலேயே அதிகம் முற்ற விடாமல் பறிப்பதும் சேர வேண்டும்.

கால்சியம் இலையில் விழுந்தால் இலையிலேயே நின்றுவிடும், அங்கிருந்து காய்க்கு நகராது. ஆகவே கரைசல் காயின் தோலில் நேராகப் பட வேண்டும். பிஞ்சின் தோலில் உள்ள நுண்துளைகள் அந்த வயதில் திறந்திருக்கும். காய் பருக்கப் பருக்க அவை தடித்த புள்ளிகளாகி, மேலே மெழுகும் ஏறிவிடும். பட்டாணி அளவில் ஒரு முறை, கோலிக்குண்டு அளவில் ஒரு முறை, எலுமிச்சை அளவில் ஒரு முறை என, கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 கிராம் தெளிக்கலாம். மூன்று முறை முடியாதென்றால் முதல் இரண்டை விடாதீர்கள்.

கால்சியம் நைட்ரேட்டைச் சல்பேட் உரங்களுடனோ, மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரங்களுடனோ ஒரே டேங்கில் கலக்கவே கூடாது. உள்ளே ஜிப்சமாகவும் கால்சியம் பாஸ்பேட்டாகவும் வெள்ளையாகப் படிந்து நாசில் அடைக்கும், சத்தும் வீண். போராக்ஸையும் தனியாகவே கொடுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் அதே அளவு விகிதத்தில் கலந்து அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். கலங்கினாலோ அடியில் படிந்தாலோ அது டேங்குக்கு ஆகாது. பூஞ்சைக்கொல்லி, பூச்சிமருந்துகளையும் இப்படிப் பார்க்காமல் சேர்க்க வேண்டாம். செம்பு மருந்துகளைத் தனி நாளில் தெளிப்பது நல்லது.

இனிப்புக்குச் சாம்பல் சத்து

காய் எலுமிச்சை அளவைத் தாண்டியதும் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் (0:0:50) லிட்டருக்கு 10 கிராம், 15 முதல் 20 நாள் இடைவெளியில் இரண்டு முறை. இலையில் உருவாகும் சர்க்கரையைக் காய்க்கு ஏற்றுவதில் சாம்பல் சத்துக்குப் பங்குண்டு. கிருஷ்ணகிரியில் கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா இரகத்துக்கு இந்தச் சுற்று மிகவும் பயன்படும், கூழின் சர்க்கரை அளவை ஆலைகள் பார்ப்பதால். இந்த உரம் 2 கிலோவை 40 லிட்டரில் முன்கூட்டியே கரைத்து, துணியில் வடிகட்டி, பிறகு 200 லிட்டராக்கவும். விலை குறைவென்று மியூரேட் ஆஃப் பொட்டாஷை இலையில் அடிக்க வேண்டாம், குளோரைடு இலையைக் கருக்கும். சாம்பல் சத்தை அளவு மீறிக் கொடுத்தால் கால்சியத்தோடு போட்டியிட்டு சதை கூழாவது கூடும். கடைசித் தெளிப்பு அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே முடிய வேண்டும். இல்லாவிட்டால் தோலில் வெள்ளைத் திட்டு நின்று சந்தையில் விலை குறையும்.

தெளிக்கும் முறை

மாவிலையின் நுண்துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. கையால் இயக்கும் ராக்கர் தெளிப்பானோ பவர் ஸ்பிரேயரோ, நாசிலைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்து மெல்லிய தூவலாக அடிக்க வேண்டும். இலை நனைந்து சொட்டத் தொடங்கும் முன் நிறுத்திவிடுங்கள், சொட்டுவது நிலத்துக்குத்தான் போகும். நடுத்தர மரத்துக்கு 8 முதல் 10 லிட்டர் பிடிக்கும். 10 மீட்டர் இடைவெளியில் நட்ட ஏக்கருக்கு 40 மரங்கள், எனவே 400 லிட்டர், இரண்டு டிரம். ஒட்டுதிரவம் லிட்டருக்கு அரை மில்லி போதும். காய் பெரிதான பிறகு அதைக் கூட்டினால் தோலின் மெழுகுப் பூச்சு போய்விடும்.

காலை 9 மணிக்கு முன், அல்லது மாலை 4 மணிக்குப் பின். உச்சி வெயிலில் கரைசல் உடனே காய்ந்து உப்பு மட்டும் நிற்கும், இலை நுனி கருகும். வாடிய மரத்துக்குத் தெளிக்காமல், முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத் தெளியுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் நல்ல மழை பெய்தால் திரும்பத் தெளிக்க நேரலாம்.

ஒவ்வொரு ஆண்டும் ஒரே இரகத்தில், ஒரே வயதில் நான்கு மரங்களைத் தெளிக்காமல் விட்டுக் குறியிட்டு வையுங்கள். தெளித்த மரங்களிலும் தெளிக்காத மரங்களிலும் ஒரே முற்றலில் பறித்து, ஒரே முறையில் பழுக்க வைத்து, தலா பத்துப் பழங்களை அறுத்து கொட்டையை ஒட்டிய சதையைப் பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் சர்க்கரை அளவையும் எழுதி வையுங்கள். அந்த எண்கள் வேறுபடவில்லையென்றால் அடுத்த ஆண்டு உரச் செலவைக் குறைத்து, முதலில் மண்ணையும் இலையையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.