புதிர் விளையாட்டுக்குப் புதியவரா? இங்கிருந்து தொடங்குங்கள்

"மாமா, சண்டை இல்லாம, மூளைக்கு வேலை தர்ற கேம் ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டாள் தக்கலையில் இருக்கும் அக்கா மகள். இடவப்பாதி மழையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் மொபைலில் மான்யுமென்ட் வேலி (2014). கண்ணை ஏமாற்றும் கோபுரங்களைத் திருப்பித் திருப்பிப் பாதை உண்டாக்க வேண்டும். பத்தே அத்தியாயங்கள்தான். நேரக் கெடு இல்லை, தோற்கவும் முடியாது. கேம் பழக்கமே இல்லாதவருக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் தி ரூம், பூட்டிய மர்மப் பெட்டிகளைத் திறக்கும் ஆட்டம். பாட்டி வீட்டுப் பழைய பெட்டியில் ரகசிய அறை தேடியிருக்கிறீர்களா? அதே சுகம். சிக்கிக்கொண்டால் அதுவே படிப்படியாகத் துப்பு தரும்.

கணினி இருந்தால் போர்ட்டல் (2007). சுவரில் இரண்டு வாசல் திறந்து, ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியே வருவதுதான் முழு ஆட்டமும். உயரத்திலிருந்து ஒரு வாசலுக்குள் விழுந்தால், விழுந்த வேகம் குறையாமல் மறு வாசலில் பாய்ந்து வெளியேறுவீர்கள். இது பிடிபடும் அந்த நொடிக்காகவே விளையாடலாம்! முதல் அறைகள் பாடம் மாதிரி, பொறுமையாகக் கற்றுத்தரும்.

பாபா இஸ் யூ (2019) அருமையானது. விதிகளே சொற்களாகத் திரையில் கிடக்கும். தள்ளி மாற்றினால் விதியே மாறும். ஆனால் கடினம், அதை முதலில் தொடாதீர்கள்.

எதில் சிக்கினாலும் உடனே யூடியூபில் விடை பார்க்க வேண்டாம். மூடி வைத்துவிட்டு ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டு வாருங்கள். பல நேரம் வழி தானாகத் தெரியும்.